காற்றுக்கு எதிரே வந்த ஈசல்

தூண்டில் போடப் போனால், முதலில் முள்ளில் கோக்காத ஒரு ஈசலைத் தண்ணீரில் விட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதுக்கு அதை வீணாக்குதீங்க என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பிறக்கும் முன்னால், தொண்ணூறுகளில் நடந்தது. கோவில்பட்டியில் நம் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு பாய் பாத்திரக்கடை வைத்திருந்தார். மழை பெய்து ஈசல் கிளம்பினால், பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு மறுநாள் காலை இருவரும் கயத்தாறு பக்கத்துக் கண்மாய்க்குப் போய்விடுவோம். எங்கள் தூண்டிலில் தக்கையும் கிடையாது, ஈயமும் கிடையாது. முள்ளில் கோத்த ஈசல் தண்ணீர்மேல் துடித்தபடி மிதக்கும். கெண்டை மேலே வந்து கவ்வும். யாருக்கு எத்தனை என்று எண்ணுவதில்லை. சின்ன மீனை விட்டுவிடுவோம். பாதி நேரம் பேச்சே இருக்காது.

அந்த வருஷம் கடுங்கோடையில் கண்மாய்க் கரை கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பிறகு அடைமழையில் கண்மாய் ஒரேயடியாக நிறைந்துவிட்டது. கரைக்குக் கீழே, உழுது போட்ட காட்டில் ஒரு ஆட்டுக்காரர் கிடை போட்டிருந்தார். ஓலைக் குடிசைக்குள் அவர் சம்சாரமும் கைப்பிள்ளையும்.

அன்று காற்று, கரைமேல் உட்கார்ந்திருந்த எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. ஈசல் உள்ளே தள்ளிப் போக வேண்டும். என் ஈசலோ கரைக்கே திரும்பி வந்தது. மறுபடி வீசினேன், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. மீன் இழுக்கிறதோ என்று பாய் சிரித்தார். அவர் ஈசலும் அங்கேயே வந்து சேர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கரையோரம் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் சுழித்தது. சத்தமே இல்லை. இரண்டு ஈசலையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

இறங்கிப் போய், கரை வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று ஆட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"வெடிப்பு தண்ணி குடிச்சா தானா மூடிக்கிடும் அண்ணாச்சி. கரிசலுக்கு நாம சொல்லிக் குடுக்கணுமாக்கும்? போயி மீனப் புடிங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. கரிசல் அப்படித்தான், ஊறினால் உப்பி மூடிக்கொள்ளும். நாங்களும் அதை நம்பித்தானே அத்தனை நேரம் கரைமேல் உட்கார்ந்திருந்தோம்.

பாய் விடவில்லை. கரையின் அடியோரமாகவே பார்த்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. கையில் ஏந்தி ஆட்டுக்காரரிடம் காட்டினார். கசிவுத் தண்ணீர் என்றால் தெளிவாக இருக்கும். அது கறுப்பாகக் கலங்கியிருந்தது. மூடவேண்டிய மண்தான் கரைந்து வந்துகொண்டிருந்தது.

ஆட்டுக்காரர் அதைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, பிள்ளையத் தூக்கு. வேற ஒண்ணையும் எடுக்காத."

ஆடுகளை மேட்டுக்கு ஓட்டினோம். அவை நகர மறுத்துக் கத்தின. கசிவு வாய்க்கால்போல ஆகிவிட்டது. எல்லோரும் மேடேறிய பிறகுதான், பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்த ஆட்டுக்குட்டிகள் நினைவு ஆட்டுக்காரருக்கு வந்தது. இறங்கப் போனார். பாய் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். விடும்வே, விடும்வே என்று அவர் திமிறினார்.

கரை இடிந்து விழவில்லை. நடுவில் மெதுவாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். பிறகு குடிசை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. பஞ்சாரம் கொஞ்ச தூரம் மிதந்து போனது. உள்ளிருந்து குட்டிகளின் சத்தம் வந்தது, பிறகு வரவில்லை.

அந்த அம்மா பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அதனால் நான் போடும் முதல் ஈசல் மீனுக்கு இல்லை. அது காற்றோடு போகிறதா என்று பார்ப்பேன். போகவில்லை என்றால், தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டுக் கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஓடுங்கள்.