ஏழு மிச்சம்

நீலத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றாக இழுத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள் செந்தமிழ்ச்செல்வி. எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. "செத்த நேரம் வாய மூடிட்டு இருங்களேன், புண்ணியமாப் போவும்" என்பாள், எதிரே டாக்டரே உட்கார்ந்திருந்தாலும்.

சர்க்கரைக்கு வரப்போகும் ஒரு புது மாத்திரையை, கடைக்கு விடுமுன் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு, புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடியில் செல்விதான் ஒருங்கிணைப்பாளர். பேர்தான் பெரிசு; செய்வதெல்லாம் போன் போடுவது, கெஞ்சுவது, எண்ணுவது, எழுதுவது. இருபத்தாறு பேர் அவள் பொறுப்பில். வழக்கமான மருந்தோடு சேர்த்துப் பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஜான்-பத்திஸ்த் மட்டும் விடமாட்டார். "மத்மொசேல், காதோட சொல்லு, எனக்கு அசல்தானே?" இரண்டு பிள்ளை பெற்றவளைப் போய், கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடுவது போல மத்மொசேலாம்! முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

காலை ஆறு மணிக்கு நெல்லித்தோப்பு வீட்டில் இட்லி ஊற்றும்போதே போனைக் காதில் இடுக்கிக்கொள்வாள். "மாத்திரை போட்டீங்களா?" மிரட்டினால் நம் ஜனம் கேட்காது, பாவம் பார்த்தால் கேட்கும், மூன்று வருடத்தில் அவள் கற்றது இதுதான். அதனால் எல்லோரிடமும் ஒரே பாட்டு: "கணக்கு தப்புச்சுன்னா கம்பெனிக்காரங்க என்னத்தான் காய்ச்சி எடுப்பாங்க. என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க." பலித்தது. கணக்கைச் சரிபார்க்க வந்த மருந்துக் கம்பெனிக்காரர் போன மாதம், "உங்க சென்டர் மாதிரி வராது மேடம்" என்றுவிட்டுப் போனார். வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருக்கிறாள்.

இன்று எதிரே வேம்பு. நோணாங்குப்பத்துப் படகுத்துறை வாசலில் சுண்டல் விற்பவள். இருபத்தெட்டு நாளைக்கு முப்பத்தைந்து கொடுத்தனுப்பினால் ஏழு திரும்பி வர வேண்டும். வேம்பு எப்போதும் ஏழு கொண்டுவருவாள். இன்றும் ஏழு. தாளில் 'ஏழு மிச்சம்' என்று எழுதினாள்.

"தலைசுத்தல், மயக்கம் ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லம்மா."

மயக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள் செல்வி.

"கணக்கு சரியா இருக்குதா?" வேம்புவுக்கு ஒரே பூரிப்பு. "இருக்காம போவுமா? வூட்லயே எண்ணிப் பாத்தேன். பதினாறு இருந்துச்சு. ஒம்போத சாக்கடையில போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

மாத்திரைகளைத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஒம்போது நாளு போடலையாக்கா? ஏன்?"

"கண்ண இருட்டிக்கினு வந்துச்சு. ரெண்டு வாட்டி வாசல்லயே சாஞ்சுட்டேன். மாத்திரய வுட்டா நல்லாருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லவேணாமா?"

"சொன்னா ஒனக்குத் திட்டு வுழும்ல? ஒன் பொழப்புல நான் மண்ணப் போடுவனா? போன மாசமும் இப்டித்தான் சரி பண்ணியாந்தேன்."

செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். யார் மேல் கோபப்படுவது? சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே! இந்தத் தாள் இப்படியே போய்ச் சேர்ந்தால், நாளைக்கு எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு நடு ரோட்டில் சாய்வாள். உள்ளதை எழுதினாலோ, மற்ற இருபத்தைந்து பேரின் கணக்கும் சந்தேகம். சென்டர் பேரும் போச்சு, வேலையும் போச்சு. "முடியலடா சாமி" என்று முனகிக்கொண்டாள்.

"என்னம்மா, தப்பாப் பண்ணிட்டனா?"

"நீங்க இல்லக்கா. உக்காருங்க, டாக்டர் பாக்கட்டும். இன்னிக்கு மாத்திரை கெடையாது."

ஆராய்ச்சித் தாளில் எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். 'ஏழு மிச்சம்' மேலும் 'இல்லை' மேலும் செல்வி கோடு கிழித்தாள். 'பதினாறு மிச்சம்' என்றும், 'உண்டு, இரண்டு முறை' என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'நோயாளி சொல்ல மறந்துவிட்டார்' என்று எழுதுவதுதான் வழக்கம். யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை.

காரணம் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள்.