பாண்டிருப்பில் றொக் வாசித்த மச்சான்

மாமி கேட்டதால் இதை எழுதுகிறேன். மாமி என்று நான் சொல்வது மச்சானின் தாயாரை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு மலர் அச்சடிக்கிறோம், அதில் நீயும் எழுத வேண்டும் என்றார். உறவினர்களில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மருதமுனையிலிருந்து வந்துபோகும் என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "அவன்ட சத்தத்துக்குப் பக்கத்தில கனகாலம் இருந்தது நீதானே மகன்" என்று சொன்னார்.

இப்படியான மலர்களில் மறைந்தவரை மரியாதையாக "அவர்" என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவரை அப்படிச் சொன்னதில்லை. உறவுமுறையில் அல்ல, நட்பில் நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டேன். அவரும் என்னை மச்சான் என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லை மட்டும் மாற்றாமல் விடுகிறேன்.

மச்சான் பாண்டிருப்பில் பிறந்தார். இரண்டு அக்காமாருக்குப் பிறகு வந்த ஒரே ஆண்பிள்ளை. தகப்பனாருக்கு நாவிதன்வெளி வட்டையில் வயல் இருந்தது. கடற்கரைக்குக் கிட்ட வீடும், உள்ளே போனால் வயலுமாக வாழ்ந்த குடும்பம். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் தகப்பனார் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரவில்லை. மச்சான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வயலும் வீடும் அவர் தலையில் விழுந்தன. பரீட்சை எழுதினார், பெறுபேறும் மோசமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எதுவும் போடவில்லை. அந்தப் போகத்துக்கே வயலில் இறங்கிவிட்டார்.

நான் அவரைச் சந்தித்தது கடல் வந்ததற்குச் சில மாதங்களுக்கு முன்னர், கல்முனையில் ஒரு ரியூசன் வகுப்பில். எங்கள் பள்ளிக்கூடங்கள் வேறு வேறு. ஒரே கரும்பலகையைப் பார்த்தது அங்கே மட்டும்தான். கணக்கு செய்யும்போது மேசையில் தாளம் போடுவது என் பழக்கம். அன்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர் அதற்கு ஏதோ முணுமுணுத்துப் பாடத் தொடங்கினார். ஆசிரியர் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். வெளியே, சைக்கிள்கள் நின்ற இடத்தில், மச்சான் என்னோடு கதைத்த முதல் வார்த்தை இதுதான்:

"நீ தட்டுறது கொஞ்சம் பிந்துது மச்சான்."

பேர்கூடக் கேட்கவில்லை.

கிற்றார் பிடிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் நண்பர் ஜெறாட். ஜெறாட்டின் குடும்பம் கல்முனையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பாடகர் குழுவில் வாசிப்பதற்காக வீட்டில் ஒரு கிற்றார் வைத்திருந்தார்கள். ஜெறாட் சில ஸ்வரக்கூட்டுகளைப் பழக்கினார். ஒரு வருடம் போக, ஜெறாட் தன் கிற்றாரை மச்சானிடமே கொடுத்துவிட்டு பேஸ் கிற்றாருக்கு மாறிவிட்டார். இவன் வாசிப்பதைக் கேட்ட பிறகு இரண்டாவது கிற்றார் வாசிக்கத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொன்னார். ஜெறாட் இப்போது பாடசாலை ஆசிரியர். அந்தக் கதையை இப்போதும் சிரிக்காமல்தான் சொல்வார்.

அப்படி மூன்று பேர் ஆனோம். மச்சான் கிற்றாரும் பாட்டும், ஜெறாட் பேஸ், நான் ட்றம்ஸ். மாமியின் வீட்டுப் பின்பக்க அறையில், நெல்மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்தோம். கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுக்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களோடு சேர்ந்திருந்தால் ஊரில் பெயரும் கிடைத்திருக்கும். மச்சானுக்கு றொக் இசைதான் வேண்டும். அதுவும் எங்கள் பாஷையில் வேண்டும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராததைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அவருடைய வயல் அப்படியானதுதான். கல்முனையில் ஒரு மேடையில் அதை வாசித்து முடித்தபோது, சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி மேடைக்குக் கிட்ட வந்து, அது எந்த வாய்க்கால் என்று விசாரித்தார். மச்சான் குனிந்திருந்து அவருக்கு இடத்தை விளக்கமாகச் சொன்னார். அடுத்த பாட்டுக்கு நாங்கள் காத்திருந்தோம்.

பயிற்சியின்போது பாங்கு சொல்லும் நேரம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "நிப்பாட்டு, பாங்கு சொல்லப்போகுது" என்று கம்பிகளின் மேல் கையை வைத்துவிடுவார். நான் தொழுதுவிட்டு வரும்வரை இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் ஒருமுறை கொழும்பில் ஒரு குழுவினர் அவரைக் கூப்பிட்டார்கள். போனார். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். அம்மாவுக்காக வந்தார், வயலுக்காக வந்தார் என்று பலரும் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. அங்கே எல்லோரும் நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவரும் தன்னோடு சண்டை பிடிக்கிறார்கள் இல்லை என்றார். பிறகு திருக்கோவிலில் திருமணம் முடித்தார். மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மகள் இருக்கிறாள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மாமியிடம் கேட்டேன். எழுது என்றார்.

சில வருடங்களுக்கு முன்னர் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, முஸ்லிம்களான எங்கள் ஆட்களை எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்த மாதங்கள் இருந்தன. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே இருப்பது ஒரு ஒழுங்கைதான், ஒரு சிறு சந்து. அந்த ஒழுங்கையைத் தாண்டுவதை இரு பக்கமும் நிறுத்திக்கொண்டார்கள். என் வாப்பாவின் புடவைக் கடைக்குத் தமிழ் ஆட்கள் வருவதில்லை. என்னுடைய ட்றம்ஸ் மாமி வீட்டில் கிடந்தது. அங்கே போகவேண்டாம் என்று வாப்பா சொன்னார். நானும் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும் நேரம், வீதி நிறைந்திருக்கும்போது, மச்சான் கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் கேற்றடியில் இறங்கி நின்றார். வாப்பா தொப்பியைக் கழற்றாமல் வாசலுக்கு வந்தார்.

"மகன், இப்ப நீங்க இஞ்ச வந்துபோறது நல்லமில்ல. உங்களுக்கும்தான்."

"நான் ஊருக்கு வரல்ல மாமா. உங்கட வீட்டுக்கு வந்திரிக்கன்."

வாப்பா கேற்றைத் திறந்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பி, உம்மாவிடம் சகனில், நாங்கள் சேர்ந்திருந்து சாப்பிடும் பெரிய தட்டில், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அன்று ஒரே சகனைச் சுற்றி இருந்து நான்கு பேர் சாப்பிட்டோம். மச்சான் கிற்றாரை எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் இசை இல்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். நான் எதற்கு வந்தேன் என்று வழியில் நின்றவர்களுக்கு விளங்கட்டும் என்றுதான் என்றார்.

அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். அவருடைய பக்கத்தில் சில இளைஞர்கள் வழியில் மறித்து ஏசியதையும், ஒருநாள் சைக்கிளைத் தள்ளி விழுத்தியதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. மாமிதான் பிறகு சொன்னார். நான் மறுபடியும் அந்த ஒழுங்கையால் நடந்து போய் ட்றம்ஸில் உட்கார்ந்த நாளில், ஒன்றுமே நடக்காததுபோல, எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவோம் என்று கேட்டார்.

இனிக் கடைசி நாட்கள்.

அறுகம்பையில் வெளிநாட்டவர் வரும் பருவத்தில் நாங்கள் அங்குள்ள விடுதிகளில் வாசிப்பது வழக்கம். இந்த வருடப் பருவத்தின் கடைசி நிகழ்ச்சி வந்தபோது பெரும்போக வேலையும் தொடங்கியிருந்தது. மச்சான் ஒரு கிழமையாகச் சேற்றில் நின்று வரம்பு கட்டினார். காலில் ஒரு சின்னக் காயம் இருந்தது. துணியால் சுற்றியிருந்தார். வான் வண்டியில் ஏறும்போதே காய்ச்சல். கெண்டைக்கால் நோகிறது என்றார். வயல் வேலையால் என்று நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்தார். வழியில் கோமாரி ஊரில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சத்தியெடுத்தார். திரும்பிப் போவோம் என்று ஜெறாட் சொன்னார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். வாசிச்சிட்டுப் போவம்."

அன்று ஒரு கதிரை கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்து இருந்துகொண்டு வாசித்தார். அவர் இருந்துகொண்டு வாசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. அன்று வந்தவர்களுக்கு அவர் சுகமில்லாதவர் என்று தெரிந்திருக்காது.

மறுநாள் அவருடைய கண் சிவந்து மஞ்சளாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, வயலில் வேலை செய்தவரா என்பது. எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அம்புலன்சில் தங்கச்சி போனார். நானும் ஜெறாட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோகுமுன் என்னை ஒரு நிமிடம் கிட்ட விட்டார்கள். ஏதும் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"மேல் வரவைக்குத் தண்ணி கட்டச் சொல்லு மச்சான்."

ஓம் என்றேன். அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை அதுதான். அதற்குள் வேறு அர்த்தம் ஏதும் இருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. வரவை என்றால் வரம்பு கட்டிய வயல் துண்டு; அவருக்கு வயலைப் பற்றிய கவலை இருந்தது, அதைச் சொன்னார். சில நாட்களில் காலமானார். நாற்பது வயது ஆகவில்லை.

டொக்டர்மார் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று ஒருவர் தொடங்கி, தங்கச்சியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வயலில் இறங்குமுன் குடிக்கச் சொல்லி சுகாதாரப் பரிசோதகர்கள் ஒரு குளிசை கொடுப்பதுண்டு. மச்சான் அதைக் குடித்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலரை வாசிக்கும் விவசாயிகள் அதைக் குடியுங்கள். வயலுக்குப் போய்வந்து காய்ச்சல் வந்தால், வயலுக்குப் போனதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இதை எழுதச் சொன்னவர் தங்கச்சி.

அடக்கம் செய்த நாளில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கதிரை எண்ணிக்கை பார்த்தேன், தண்ணீர்ப் போத்தல் போதுமா என்று பார்த்தேன். பந்தல்காரரோடு கதைத்தேன். மச்சானின் கிற்றார் அறை மூலையில் பெட்டிக்குள் சாத்தியிருந்தது. யாரோ அதன்மேல் ஒரு துவாயைக் காயப்போட்டிருந்தார்கள். துவாயை எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

வாப்பா காலையிலேயே வந்து, மச்சானை எடுத்துக்கொண்டு போகும்வரை பந்தலில் இருந்தார். அவர் எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கும் வந்தவர் இல்லை. திரும்பி வரும்போது, மச்சான் எப்படி வாசிப்பார் என்று என்னிடம் கேட்டார். நல்லா வாசிப்பார் வாப்பா என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, வழக்கம்போல் நான் பயிற்சி அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. ஜெறாட் எனக்கு முன்னரே வந்து, பேஸ் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நாங்கள் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் பாட்டைத் தொடங்கினோம். பேஸும் ட்றம்ஸும் மட்டும். பாட்டு வரும் இடத்தில் ஒருவரும் பாடவில்லை. கிற்றார் தனியே வாசிக்கும் இடம் அந்தப் பாட்டில் நீளமானது. அந்த நீளத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பங்கை வாசித்துக்கொண்டே இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முடித்தபோது மாமி கதவடியில் நின்றார். கையில் மூன்று கோப்பைத் தேநீர். மூன்று என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து, மூன்றாவது கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டு நெல்மூட்டையில் இருந்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் வாங்க மகன்" என்றார்.

மச்சானின் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் அவரைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி. அவர்களில் முன்பு அவருடைய சைக்கிளைத் தள்ளியவர் ஒருவரும் இருந்தார் என்று மாமி சொல்லச் சொன்னார். பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், திருக்கோவிலிலிருந்து வந்து தங்கச்சியோடு இருந்த உறவினர்களுக்கும் நன்றி. பாதியில் நின்ற வயலை, கேட்காமலே உழுது விதைத்துக் கொடுத்த அயல் வயல்காரர்களுக்கும், அதற்கு உழவு மிசின் அனுப்பிய வாப்பாவுக்கும் நன்றி. மேல் வரவைக்குத் தண்ணீர் கட்டியாகிவிட்டது.

நீ ஏன் இன்னும் அழவில்லை என்று என்னைக் கேட்காதவர்களுக்கும் நன்றி.

பயிற்சி அறைக்கு அயலில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தனை வருடமாக எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டீர்கள். சனிக்கிழமைகளில் இனியும் சத்தம் வரும். கிற்றார் இராது. நடுவில் நீளமாக ஒன்றும் இல்லாததுபோல் கேட்கும். வாசிப்பில் பிழைவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். அது அவர் வாசிக்கும் இடம்.

மருதமுனையிலிருந்து,
மச்சானின் மச்சான்