காயில் கடை அக்காவும் கொதித்த மோட்டாரும்

இன்று காலை, பெரம்பலூரில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில், வாயை மூட மறந்து நின்றேன்!

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். (பிரவுசிங் சென்டர் அண்ணன் அரை மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்.)

என்னிடம் ஒரு ரிமோட் டிரக் இருக்கிறது. பொம்மை என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். சிங்கப்பூர் சித்தப்பா கொண்டு வந்தது. முழங்கை நீளம், நாலு பெரிய டயர், உள்ளே எலுமிச்சம்பழம் சைஸில் மோட்டார். காலேஜைப் பாதியில் விட்டபிறகு நான் உருப்படியாகப் படித்தது இந்த வண்டியைத்தான்.

பத்து நாளாக மோட்டார் கொதிக்கிறது. இரண்டு நிமிஷம் ஓடினால் தோசைக்கல். மூன்றாவது நிமிஷம் வண்டி படுத்துவிடும்.

வண்டி நன்றாக ஓடிய காலத்தில் என் மாமா பையன் செந்திலிடம் வாயை விட்டிருந்தேன்.

"ரஞ்சன்குடி கோட்டைச் சரிவுல கீழேருந்து வாசல் வரைக்கும் நிக்காம ஏத்திக் காட்டுறேன்டா. ஏறலன்னா வண்டி ஒனக்கு!"

அவன் மறப்பானா? இன்று விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். கையில் காலி யூரியா சாக்கு. (வண்டியைப் போட்டு எடுத்துப் போக!)

"மச்சான், இந்தச் சாக்கு பத்துமா? இன்னொன்னு வாங்கியாரவா?"

நான் பார்க்காத வைத்தியமில்லை. மோட்டார் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினேன். பல்லுக்குப் பல் இடைவெளி இருக்கிறதா என்று பேப்பர் வைத்துப் பார்த்தேன். அச்சில் சுற்றிய முடி, நூல் எல்லாம் பிடுங்கினேன். எண்ணெய் விட்டேன். காற்றுப் போகட்டும் என்று மேல் மூடியில் ஓட்டை போட்டேன். (அழகு போனதுதான் மிச்சம்.)

"பேசாம கெணத்து மோட்டாரு கட்டுற கடையில காட்டு" என்றான் செந்தில்.

நக்கலுக்குச் சொன்னான். நான் நிஜமாகவே கிளம்பிவிட்டேன்.

கடை முழுக்கக் கிணற்று மோட்டார்கள். நடுவில் ஓர் அக்கா உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"மெக்கானிக் இல்லீங்களாக்கா?"

"நாந்தான். சொல்லு."

(முதல் அடி!)

டிரக்கை மேசையில் வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எவ்ளோ நேரத்துல சுடுது?"

"ரெண்டு நிமிசம்க்கா."

"மோட்டார மட்டும் தனியா கழட்டி ஓட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்பறம் பத்து நாளா என்னத்தப் பாத்த?"

பின்னால் செந்தில் கனைத்தான்.

இரண்டே ஸ்குரூ. மோட்டார் வெளியே வந்துவிட்டது. வெறுமனே ஓடவிட்டு, புறங்கையை அதன் மேல் வைத்தார்.

"உள்ளங்கை காச்சுப்போச்சு தம்பி, அதுக்குச் சூடு தெரியாது. பொறங்கை பொய் சொல்லாது. பாரு, வண்டிய இழுக்காமயே சுடுது. பல்சக்கரத்து மேல பழி போடாத. கோளாறு மோட்டாருக்குள்ள இருக்கு."

அடுத்து அவர் செய்ததை நான் எந்த லேபிலும் பார்த்ததில்லை. மோட்டாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்!

"கருகுன மோட்டாரு வார்னிஷ் நாத்தம் அடிக்கும். இது என்ன தம்பி, கோயில் வாசன அடிக்குது?"

எனக்கு உச்சந்தலையில் மின்சாரம் பாய்ந்தது.

பத்து நாளைக்கு முந்தைய ஆயுத பூஜை!

ரிமோட்டுக்கு ஒரு பொட்டு, டயருக்கு நாலு பொட்டு, மோட்டாருக்கு... அம்மா "நல்லா வைடா" என்று சொன்னதால் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தேன். முன்பக்கம், பின்பக்கம், கொஞ்சமும் பாரபட்சம் இல்லாமல். அந்தப் பக்கங்களில்தான் அது காற்று வாங்கும் ஓட்டைகள் இருக்கின்றன.

"நாங்களும்தான் பொட்டு வைக்கிறோம், நெத்தியில. நீ மூக்கு ஓட்டையில வச்சிருக்க."

செந்தில் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

அக்கா தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார். ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைச் சுரண்டினார். உள்ளேயும் இறங்கிக் காய்ந்து, மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். ஈரம் காயும்வரை காத்திருந்து மறுபடி ஓடவிட்டார்.

"சரியாயிருச்சுங்களாக்கா?"

"பேசாத."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு அது வெறும் 'ங்ங்ங்'.

"எடது பக்கத்துக் கார்பன் இன்னும் ஒட்டுது."

திறந்து பார்த்தால், மணல் அளவு சந்தனம். இடது பக்கம்!

மக்களே, காதால் கண்டுபிடித்தார்! மணல் அளவு!

"எங்கக்கா படிச்சீங்க?"

"எங்க படிச்சேன்... எங்க வூட்டுக்காரரு கட்டுவாரு, நான் கம்பி புடிப்பேன். அவரு மஸ்கட்டு போயிட்டாரு. அவரு போனது மோட்டாருக்குத் தெரியுமா? அதுபாட்டுக்கு எரிஞ்சு எரிஞ்சு வந்துச்சு. நான் கட்டுனேன்."

சொல்லிவிட்டுச் செம்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மத்தியானம் ரஞ்சன்குடி. சரிவின் அடியில் வண்டியை வைத்தேன். ரிமோட்டை அழுத்தினேன்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பாதிச் சரிவில் ஒரு கல்லில் முன்டயர் முட்டியது. மூன்றாவது நிமிஷம் தொடங்கிவிட்டது. செந்தில் சாக்கை உதறி விரித்தான், பாவி!

நிற்கக்கூடாது என்பதுதான் பேச்சு. லேசாக ஒடித்தேன். கல்லை உரசிக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கி, குலுங்கி, ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கோட்டை வாசலில் போய்த்தான் நின்றது!

செந்தில் ஓடிப்போய் மோட்டாரைத் தொட்டான். கையை எடுக்கவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டான்.

"மச்சான், அந்தக்கா ஞாயித்துக்கெழம கட தொறக்குமா? எங்க போர் மோட்டாரு ரெண்டு தடவ கட்டியும் எரிஞ்சிருச்சு."

"கேட்டுச் சொல்றேன். மொதல்ல நான் ஜெயிச்சேன்னு சொல்லு."

"நீ எங்கடா ஜெயிச்ச? அந்தக்காதான ஜெயிச்சுச்சு!"

யோசித்துப் பார்த்தேன்.

நீங்களே சொல்லுங்க, ரிமோட் என் கையிலதானே இருந்துச்சு?