நாற்பது பை சீமெந்தும் ஒரு மிளகாய் மில்லும்

ரியூட்டரி வகுப்பில் பணவீக்கம் படிப்பிப்பதென்றால் எனக்குத் தனிக் குஷி. கரும்பலகையில் கோடு கீறி, "விலை ஏறுமெண்ட பயத்திலை சனம் காசை உற்பத்தியிலை போடாமல் சாமானை வாங்கிப் பதுக்கும். வளர்ந்துவாற நாடு அங்கைதான் படுத்திடும்" என்று முழங்குவேன். பின்வரிசை வாங்கில் நித்திரை கொள்பவனும் எழும்பிக் கேட்பான். அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவோடுதான் உடுப்பிட்டி வீட்டில் நாற்பது பை சீமெந்து வாங்கி அடுக்கினேன்.

விலைகள் தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த காலம். மிளகாய்த்தூள் அரைக்கும் மில் போடவென்று என் மனைவி தன் இரண்டு காப்புகளை விற்றிருந்தாள். பின்வீட்டுப் பெண் வேலைக்கு வர ஒப்புக்கொண்டு, தூள் அரிக்க அரிதட்டுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, முதல் மெசினை எடுப்பம். கொட்டிலுக்கை வைச்சாலும் அரைக்கும்."

"உமக்குப் பொருளாதாரம் விளங்காது. மில் அறை கட்டுற சீமெந்து ஏறப்போகுது. முதல் அதை வாங்கி வைப்பம்."

ஏறியது. ஐயோ, என்ன ஏற்றம்! கடையில் விலை கேட்டுவிட்டு வந்து, விறாந்தையில் கிடந்த பைகளைத் தட்டிக்கொடுப்பேன். சும்மா படுத்திருந்தே உழைக்கிற பிள்ளைகள்! மில் அறைக்கு அத்திவாரம் வெட்ட மேசன் வந்தபோது, "இவ்வளவு விலையான சாமானை ஆரும் மண்ணுக்கை கொட்டுவினமோ? இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று திருப்பி அனுப்பினேன். மெசின் விலையோ எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்தது.

மாரியில் விறாந்தைக்குத் தூவானம் அடித்தது. தை பிறந்து பார்த்தால் நாற்பதும் கல். மேசன் அலவாங்குக் கம்பியால் ஒன்றைக் குத்திப் பார்த்தான்.

"நல்ல சீமெந்து, மாஸ்ரர். வடிவா இறுகியிருக்கு."

வாசல் படலையடிச் சேற்றில் அவற்றை மிதிகல்லாகப் போட்டோம். மனைவி அவற்றை மிதித்துக்கொண்டுதான் சனிக்கிழமைகளில் மிளகாயைச் சைக்கிளில் கட்டி வேறொருவரின் மில்லுக்குக் கொண்டுபோகிறாள். பின்வீட்டுப் பெண் கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையொன்றில் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

போன மாதம் திரும்பவும் அதே பாடம். உதாரணம் கேட்டான் ஒருவன்.

"படிப்பறிவில்லாத சனம் சீமெந்தை வாங்கி அடுக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கும். எழுதுங்கோ" என்றேன், கூசாமல்.

முன்வரிசை வாங்கில் பின்வீட்டுப் பெண்ணின் மகள் கையை உயர்த்தினாள். நக்கல் இல்லை. உண்மையாகவே விளங்காத முகம்.

"சேர், உங்கட படலையடியிலை கிடக்கிறதும் உதுதானே? எங்கட அம்மா உங்கட மில்லுக்கு வேலைக்கு வாறதா இருந்தவா."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வகுப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம் பிள்ளை, அதுதான்" என்றேன். "'படிப்பறிவில்லாத' எண்டதை வெட்டுங்கோ."

அவள் அடிமட்டம் வைத்து, அந்தச் சொல்லின் மேல் நேராகக் கோடு கீறி வெட்டினாள்.