முன்சக்கரத்துக் குமிழ்

பிக்கப்பைக் கழுவத் தொடங்கினால் யாக்கோப்பு முதலில் குந்துவது முன்சக்கரத்தடியில்தான். நடுவிலிருக்கும் குமிழில் அப்பிய சேற்றைப் பெருவிரலால் வழித்து, அம்புக்குறி சில்லை விட்டுவிடும் ‘பிறீ’யில் நிற்கிறதா, பூட்டும் ‘லொக்’கில் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு மற்றப் பக்கமும் போய்ப் பார்ப்பார். பார்க்கலாம், திருப்பக்கூடாது. முதலாளியின் கட்டளை அது.

“ரெண்டு பக்கமும் லொக்கில விட்டால்தான் முன்சில்லு இழுக்கும். ஒண்டை மறந்தால் சேத்துக்க நிண்டு செபமாலைதான் சொல்லவேணும்” என்று மனைவி கத்தரினுக்குக்கூடப் படிப்பித்திருக்கிறார். சோறு போடும்போது இதையெல்லாம் கேட்கிற ஒரே மனைவி லண்டனில் அவளாகத்தான் இருப்பாள்.

மன்னாரில் மீன்பிடிச் சங்கத்துப் பிக்கப்பைப் பதினொரு வருடம் அவர்தான் பார்த்தார். உப்பு மணல் உள்ளே போகாதபடி அந்தக் குமிழ் பூட்டிய ஹப் நிறையக் கிறீஸ் அடைப்பார். வண்டி ஒருநாளும் கடற்கரையில் புதைந்ததில்லை. லண்டனுக்கு வந்து, குரோய்டனில் மரம் வெட்டும் கம்பனியொன்றில் மெக்கானிக் வேலை கிடைத்தபோதும் அதே கை, அதே அளவு கிறீஸ். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுப் பெப்ரவரிப் பனியில் அது இறுகிப்போனது. குமிழ் லொக்கைக் காட்டியது. உள்ளே பல் கொளுவவில்லை. வண்டி புதைந்து, முதலாளி காட்டுக்குள் நாலு மணித்தியாலம் விறைத்தார். மறுநாள் யாக்கோப்பிடமிருந்து ஸ்பனரை வாங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார். ஐந்து வருடமாகக் குழாய்தான்.

பிழை தன்னுடையது என்று யாக்கோப்புக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

“குளிருக்கு மெல்லிசாப் பூசவேணும் எண்டு இப்ப எனக்குத் தெரியும். ஒருத்தரும் கேக்கினமில்லை.”

“வேற இடம் பாருங்கோவன்” என்பாள் கத்தரின்.

“ஓம், அங்கயும் ஒரு குழாய் வைச்சிருப்பாங்கள்.”

போன வெள்ளிக்கிழமை மறுபடி பனி கொட்டியது. காட்டுக்குப் புறப்பட முதலாளி அவசரப்பட்டார். புது மெக்கானிக் வலப்பக்கக் குமிழை லொக்குக்குத் திருப்பினான். டெலிபோன் அடிக்க, மற்றதை மறந்து உள்ளே போய்விட்டான். யாக்கோப்பு இடப்பக்கச் சேற்றை வழித்தார். பிறீ.

“சேர், இந்த ஹப்…” என்று முதலாளியிடம் போனார்.

“நீ கழுவு, போதும்” என்றார் முதலாளி, திரும்பிப் பாராமலே.

யாக்கோப்பு திரும்பிவந்து குந்தினார். ஒருவரும் பார்க்கவில்லை என்று கண்டதும் குமிழை லொக்குக்குத் திருப்பினார். உள்ளே பல் கொளுவும் சத்தம் கேட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தார்.

பிறகு குமிழைப் பழையபடி பிறீக்குத் திருப்பிவைத்து, அம்புக்குறி தெரியாதபடி மேலே ஒரு பிடி சேற்றை அப்பிவிட்டார்.