கையெழுத்துப் போடாத குடியரசுத் தலைவர்

என் பத்தாவது வயதில், ஒரு கோடை விடுமுறை முழுக்க, நான் குடியரசுத் தலைவராக இருந்தேன். அரசியல் சட்டப்படி அந்தப் பதவிக்கு முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வயது நிரம்பியவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்ததால், விதியைக் கொஞ்சம் தளர்த்தி என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி போகிற சாலையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிதான். எங்களுக்கும் ஒன்று இருந்தது. டீசல், ஸ்பேர் பாகம், ஆள் எல்லாவற்றையும் பெரியப்பா ஊரில் இருந்தபடியே பார்த்துக்கொள்வார். அப்பா வண்டியோடு வடக்கே போய்விடுவார். தை கழிந்து போனால் அந்தப் பக்கம் மழை பிடித்த பிறகுதான் திரும்புவார். நிலத்தடி நீர் கீழே போகப் போகத்தான் ரிக்காரர்களுக்கு வேலை. அதனால் ஊரே மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது நாங்களும் வேண்டிக்கொள்வோம், கொஞ்சம் மெதுவாக.

சித்தப்பா அண்ணன் தம்பி மூன்று பேரில் கடைசி. அவருக்கும் ரிக்குக்கும் ஆகாது. பட்டம் வாங்கிவிட்டு அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் தவறிப் போயிருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உலாத்திக்கொண்டே சத்தம் போட்டுப் படிப்பார். கீழே பாத்திரம் கழுவுகிற பெரியம்மாவுக்கே அடிப்படை உரிமைகள் மனப்பாடம் ஆகிவிட்டன. முதல் தடவை விண்ணப்பம் போட்ட அன்றே, பெரிய அதிகாரிகள் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஒரு பச்சை மைப் பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டார். அதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

அந்த வருஷம் நாட்டுக்குப் புதுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற நேரம். தொலைக்காட்சியில் எந்நேரமும் அதே பேச்சு. பெரியப்பாவின் இரண்டு மகன்களும் செய்தி வேண்டாம், கிரிக்கெட்தான் வேண்டும் என்று ரிமோட்டைப் பிடித்து இழுத்து அதன் மூடியையே உடைத்துவிட்டார்கள். சத்தம் பொறுக்காமல் மாடியிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா, இன்றிலிருந்து இந்த வீட்டில் குடியரசு ஆட்சி நடக்கும் என்று அறிவித்தார். தேர்வுக்குப் படித்ததைச் சரிபார்த்துக்கொள்ள அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

முன்னே எல்லாம் வெள்ளைக்கார ராஜாவின் பெயரால் நடந்தது, குடியரசான அன்று முதல் தலைவர் பதவியேற்றார், ராஜாவின் பிரதிநிதி குடியிருந்த மாளிகையிலேயே பிறகு அவர் குடியிருந்தார், அதில் முன்னூறுக்கு மேல் அறைகள் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே போனார். அத்தனை அறையையும் யார் கூட்டுவது என்று பெரியம்மா கேட்டார். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. நாட்டில் எல்லாமே தலைவர் பெயரால்தான் நடக்கும், ஆனால் முடிவெடுப்பது பிரதமரும் மந்திரிகளும். முப்படைக்கும் அவர்தான் தலைவர், ஆனால் தானாக ஒரு துப்பாக்கியைக்கூட நகர்த்த முடியாது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் மசோதா சட்டமாகும். அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

இதைக் கேட்டதும் பெரிய அண்ணன் அப்படிப்பட்ட வேலை தனக்கு வேண்டாம் என்றான். சின்ன அண்ணனுக்கு ராணுவம் போதும். பிரதமர் யார் என்பதில் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை, பெரியப்பா இருபது வருஷமாக அந்தப் பதவியில்தான் இருந்தார். மிஞ்சியது நான். சித்தப்பா தன் பச்சை மைப் பேனாவை என்னிடம் கொடுத்து, நிறையக் கிறுக்கிவிடாதே என்று கெஞ்சலாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நாள்காட்டியில் கிழித்த தாள்தான் மசோதா. அதன் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் கொண்டுவர வேண்டும். அண்ணன்கள் சாயங்காலம் ஐஸ் வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். படுத்த பாயை அவரவரே சுருட்ட வேண்டும் என்று பெரியம்மா ஒன்று கொண்டுவந்தார். நான் எல்லாவற்றிலும் பச்சை மையில் என் பெயரை இனிஷியலோடு எழுதிக் கொடுத்தேன். இத்தனை மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்ட தலைவர் நாட்டின் சரித்திரத்திலேயே இருந்திருக்க மாட்டார். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டு, டிவிஎஸ் வண்டியை யாரும் தொடக் கூடாது என்று ஒரு மசோதா எழுதித் தந்தார். அதிலும் போட்டேன்.

சித்திரை பாதியில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வண்டியோடு இருந்த மேற்பார்வையாளர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிவிட்டார். இருபது ஆளையும் டீசலையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியவில்லை, நம்பிக்கையாக நம் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், சின்னவனை அனுப்பி வையுங்கள் என்று சித்தப்பாவைக் கேட்டிருக்கிறார். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியப்பா அதைச் சொன்னார். அடுத்த வாரம் ஸ்பேர் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வடக்கே போகிறது, சின்னவன் அதில் போக வேண்டும், படித்தது போதும் என்றார். சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு மாடிக்குப் போனார். அம்மா எல்லார் தட்டிலும் சோறு போட்டுக்கொண்டே போனாள். அங்கே தனியாக இருப்பது அம்மாவின் புருஷன், இங்கே பாதியில் எழுந்து போவது அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது டவுசர் போட்டிருந்த பையன். எந்தப் பக்கம் பேசுவாள்?

அந்த நேரம் பார்த்துச் சின்ன அண்ணன், சனாதிபதி கையெழுத்துப் போட்டால்தானே செல்லும் என்று சொல்லிவிட்டான். அடி விழப் போகிறது என்று நான் நினைத்தேன். பெரியப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து போய் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, சொன்னதையே எழுதி, என் முன்னால் வைத்தார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். சித்தப்பா புத்தகங்களை ஒரு உரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டேன். மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், ஆனால் அவர்கள் மறுபடியும் அனுப்பினால் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். பெரியப்பா மறுபடியும் அனுப்புவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வேற வழியே இல்லீங்களா சித்தப்பா?"

அவர் சாக்கின் வாயைப் பிடித்தபடி நின்றார். ஒரு காலத்தில் மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க வழி செய்யும் மசோதா ஒன்று தலைவரிடம் போனது, அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, வெறுமனே வைத்துக்கொண்டார் என்றார். இத்தனை நாளைக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் கெடு எதுவும் இல்லையாம்.

"அப்பறம் என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல சாமி. அது பாட்டுக்குக் கெடந்துது."

என் ஜியாமெட்ரி பாக்ஸில், கவராயத்துக்கு அடியில், அந்தத் தாளை நான்காக மடித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா கேட்டார். தொலைக்காட்சியில் கேட்டிருந்த வார்த்தையை அப்படியே எடுத்துவிட்டேன். "பரிசீலனையில இருக்குதுங்க பெரிப்பா." திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மாடிக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்பார், நான் பதில் சொன்னதும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிராக்டர் டயரை ஒற்றை ஆளாகப் புரட்டுகிற மனிதர், சித்தப்பாவைச் சட்டைக் காலரைப் பிடித்து லாரியில் ஏற்றியிருக்கலாம். என் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நின்றார். பதவியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பேர் லாரி சித்தப்பா இல்லாமலே போனது. அன்று பெரியப்பா அப்பாவிடம் போனில் பேசியதை வாசற்படியில் நின்று கேட்டேன். "நா என்ன பண்ணட்டும் சொல்லு. ஊட்ல சனாதிபதி கையெழுத்துப் போட மாட்டீங்குது. உம்புள்ளதான், நீயே கேட்டுக்க."

பெரியப்பாவைப் புரிந்துகொள்ள எனக்குக் கல்லூரிப் படிப்பு வரை ஆனது. ஒரு தம்பி கேட்கிறான், மறுக்க முடியவில்லை. இன்னொரு தம்பி கேட்கவில்லை, அதனாலேயே அனுப்ப முடியவில்லை. சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்குகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. அந்த வீட்டில் எந்தப் பக்கமும் சேராத ஒரு ஆள், எதற்கும் ஆகாத ஒரு பதவியில் உட்கார்ந்திருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

அம்மா மட்டும் ஒருநாள் தலை பின்னும்போது, அப்பா அங்கே லாரிக்கு அடியில் பாய் விரித்துத்தான் கொஞ்ச நேரம் கண்ணயர்கிறாராம் என்று சொன்னாள். கையெழுத்துப் போடு என்று சொல்லவில்லை. ஜடையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் போட்டாள், அவ்வளவுதான். இது எதிர்க்கட்சியின் சூழ்ச்சி என்று நான் எச்சரிக்கையாக இருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பா போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். பின்னணியில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் அவர் குரல் எங்கோ குழிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"ஏஞ்சாமி, நீதான் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கறயாமா?"

"ஆமாங்கப்பா."

கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சித்தப்பன் படிக்கறானா?"

"படிக்கறாங்கப்பா. காத்தால நாலு மணிக்கே எந்திரிச்சுக்கறாங்க. எனக்கே பாதி தெரியும்."

யாரோ இந்தியில் அவரைக் கூப்பிட்டார்கள்.

"அப்பச் சரி. அவசரமில்ல கண்ணு. பொறுமையாப் பாத்துப் போடு."

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே, அப்பாவும் ஒத்துக்கொண்டார் என்று வீடு முழுக்கக் கத்தினேன். அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அதற்குள் லைன் போய்விட்டிருந்தது. அம்மா போனைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

சித்தப்பா அந்த முறை தேர்வில் தேறிவிட்டார். முடிவு வந்து, வேலை வர இன்னும் பல மாதம் ஆயிற்று. கெங்கவல்லிப் பக்கம் ஒரு ஊரில் கிராம நிர்வாக அலுவலராகப் போட்டார்கள். அந்தப் பதவிக்குப் பச்சை மை கிடையாதாம், நீல மைதான். பேனாவை நீயே வைத்துக்கொள், நமக்கு இன்னும் மேலே போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இன்று அவர் தாசில்தார். தாசில்தாரான முதல் நாள் கையெழுத்துக்கு அந்தப் பேனாவைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மை காய்ந்து எழுதவில்லை என்றாலும் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அன்று பெரியப்பா சந்தோஷத்தில் போட்ட சத்தம் சங்ககிரிக்குக் கேட்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த ஆனி மாதக் கடைசியில் வடக்கே மழை பிடித்து, ரிக் வண்டி ஊர் திரும்பியது. வாசலில் வந்து நின்ற வண்டியிலிருந்து அப்பா மெதுவாக இறங்கினார். முதல் வேலையாக, எங்கே சனாதிபதி என்று கேட்டார். நான் ஜியாமெட்ரி பாக்ஸோடு ஓடிப் போய், மடிப்புக் கலையாத அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போடவே இல்லை பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினேன். அப்பா அதை விரித்து, பெரியப்பாவின் எழுத்தை நிதானமாகப் படித்தார். மாடியில் நின்றிருந்த சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். தாளைத் திரும்ப மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றினார். முழங்கைக்கு மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாக, கழுத்தில் காலர் இருந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாரோ இரண்டு பேரை ஒட்டவைத்தது போல இருந்தார். நான் கைதட்டிச் சிரித்தேன். அண்ணன்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த அத்தனை நாளும் அவர் அந்த வெயிலில் தனியாக நின்றிருந்தார் என்பது குடியரசுத் தலைவருக்குத் தெரியவில்லை.