அப்பச்சியின் மூட்டுவலிப் பொடி

எங்கள் வீட்டில் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம். மழை ஓய்ந்த ஒரு மாலையில் நான் அப்பச்சியின் மூட்டுவலிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, சுக்கு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு நெடி வந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழகிய, காடிபோல் புளித்த அசிட்டிக் அமில நெடி. ஆஸ்பிரின் ஈரம்பட்டுக் கெட்டால்தான் இப்படி நாறும். சந்தையில் பொடி விற்பவரோ, இங்கிலீஷ் மருந்து துளிகூடக் கிடையாது என்று சொல்லித்தான் விற்பார்.

அப்பச்சிக்குக் குடல்புண். முந்தின வருஷம் ரத்தவாந்தி எடுத்தபோதே, ஆஸ்பிரின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். மாத்திரையை விட்டுவிட்டு அப்பச்சி பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பொடி.

சொன்னால் கேட்கமாட்டார். காட்டினால் கேட்பார். எம்.எஸ்ஸி. வகுப்பில் அப்போதுதான் மெல்லடுக்குக் குரோமட்டோகிராபி நடந்துகொண்டிருந்தது. சிலிக்கா ஜெல்லைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் மெழுகிக் காயவைக்க வேண்டும். கீழ் ஓரத்தில் மருந்துக் கரைசலைப் பொட்டாக வைத்து, கொஞ்சம் கரைப்பான் ஊற்றிய ஜாடிக்குள் தகட்டை நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏறும். ஒவ்வொரு மருந்தும் அதோடு ஏறி, தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். இடப்பக்கம் பொடியை வைத்தேன், வலப்பக்கம் மருந்துக்கடை ஆஸ்பிரினை. வராந்தாவுக்கும் ஜாடிக்குமாக நடந்தேன்.

"பாலா காச்சுற? உக்காருடி," என்றாள் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைத் தோழி.

அயோடின் ஆவியில் காட்டியதும் பழுப்புப் பொட்டுகள் தெளிந்து வந்தன. பொடியிலிருந்து மூன்று. அதில் ஒன்று ஆஸ்பிரினுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் நின்றது. எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு, தகட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருக்கோஷ்டியூர் ரோட்டுக் காற்று முகத்தில் அடித்தது. அயோடின் கறை காற்றில் பறந்துவிடும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான்.

அப்பச்சி வீட்டோடு ஒட்டிய தன் நகைக்கடையில் தங்கத்தை உரைகல்லில் உரசிக்கொண்டிருந்தார். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் ஆத்தா, இதுல நீ போட்ட வட்டம் மட்டுந்தானே இருக்கு?"

காப்பி கொண்டுவந்த அம்மாவும் எட்டிப் பார்த்தாள். காலேஜில் கோலம் போடவும் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். நிறம் பறந்த கதையை நான் விளக்க விளக்க அப்பச்சிக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் கண் அந்தக் கல்லின் மேல் போனது. வந்த நகை ஒரு கோடு, ஒப்பிட்டுப் பார்க்க, மாற்று, அதாவது தரம், தெரிந்த தங்கம் பக்கத்தில் ஒரு கோடு.

"நகை கொண்டாந்தவுக கண்ணு முன்னாலதானே உரசிக் காட்டுறீக? நானும் உங்க கண்ணு முன்னால காட்டுறேன். அதுவரைக்கும் பொடியைத் தொடாதீக அப்பச்சி."

அவர் சிரிக்கவில்லை. கல்லைத் துடைத்துத் துணியில் சுற்றினார். முழங்காலை மெல்ல நீட்டினார்.

"பழைய பொட்டலம் ஆகாது. உங்கம்மா தலைவலி மாத்திரை போடுற டப்பாவுல கிடந்தது. அந்த மாத்திரைத் தூளு ஒட்டுனதா இருக்கும்பேன் நான். திங்கக்கிழமை சந்தையில புதுசு வாங்கி, நானே கட்டி முத்திரை வச்சுத் தாறேன். அதுவரைக்கும் தைலம் போதும்."

தோழியிடம் அயோடினும் கரைப்பானும் கேட்டு வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு பொட்டுகள் எவை என்று அவர் கேட்பார். அதனால் புதுத் தகட்டில், பொடியில் சேரும் சுக்குக்கும் மிளகுக்கும் தனித்தனியே இடம் விடவேண்டும். அம்மாவிடம் ஊறுகாய் பாட்டில் ஒன்றை வாங்கி, எண்ணெய் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். தகட்டை அயோடின் ஆவியில் காட்ட அது போதும். திங்கட்கிழமை, கடை மேசைமேலேயே, அப்பச்சி கண் முன்னாலேயே காட்டிவிடுவேன்.